ஞெப்பி நாளில் நின்றுபோன காற்று

எங்கள் கடற்கரையில் லூ விராத்தியைப் போலப் பயந்த சுபாவம் உள்ளவள் யாரும் கிடையாது. இடி இடித்தால் பயம், நாய் ஊளையிட்டால் பயம், போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். அவள் கணவன் கெதே சுமெர்த்தா ஊர்ச்சபையில் பத்துப் பேர் நடுவில் வைத்துக் கேலி செய்வான். "என் பொண்டாட்டி கோழிமுட்டையை உடைக்கும்போதே உள்ள பாம்பு இருக்குமோன்னு கண்ணை மூடிக்குவா" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவிடுவாள். ஆனால் அவளுடைய ஒரு பயத்துக்கு மட்டும் ஊரில் யாரும் சிரித்ததில்லை. அது கெதே கடலுக்குள் இறங்குவது.

டயருக்குக் காற்றடிக்கிற கம்ப்ரஸரைப் படகில் வைத்து, அதிலிருந்து நீளமான மஞ்சள் குழாய் ஒன்றை இழுத்து, அதன் நுனியை வாயில் கடித்துக்கொண்டு இருபது ஆள் ஆழம் வரைக்கும் இறங்குவார்கள் எங்கள் ஆட்கள். எதற்கு? எங்கோ தூரதேசத்தில் ஒருவர் வீட்டுக் கூடத்தில், கண்ணாடித் தொட்டிக்குள் நீந்தப் போகிற கலர் மீனுக்கு. விராத்தியின் தம்பி கொமாங் ருதித்தா அப்படி ஒருநாள் காலையில் இறங்கினான், ஏறினான், தலை வலிக்கிறது என்று படகிலேயே படுத்தான், மத்தியானத்துக்குள் போய்விட்டான். இருபத்திரண்டு வயது. இரண்டு வருஷம் கழித்து, அதே மாதிரி இறங்கி ஏறிய கெதேவுக்கு இடதுகால் மரத்துப்போனது. நாலு மாதம் பாயோடு கிடந்தான். அந்தக் கால் இன்றைக்கும் மணலில் கோடு போட்டுக்கொண்டுதான் வருகிறது. எழுந்து நடக்க ஆரம்பித்ததும் அந்த மகானுபாவன் முதலில் கேட்டது என்ன தெரியுமா? "என் குழாயை எங்க வச்சிருக்க?"

அன்றைக்குத்தான் விராத்தி மீன் வளர்ப்பது என்று முடிவு செய்தாள். ஆசைப்பட்டு வந்தவள் இல்லை. பயந்து வந்தவள். மேற்கே இருக்கும் மீன் ஆராய்ச்சிக் கூடத்தில் ஒரு வருஷம் தொட்டி கழுவினாள். கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்து வைத்துக்கொண்டாள். பிறகு தன் அம்மா கொடுத்த கடலோரத் துண்டு நிலத்தில் மூன்று சிமென்ட் தொட்டி கட்டி, மேலே தார்ப்பாய் போட்டு, கோமாளி மீன் என்கிற கலர் மீனில் எட்டு ஜோடியை வைத்து ஆரம்பித்தாள்.

முட்டை பொரிக்க வைப்பது ஒரு பெரிய காரியம் இல்லை. பொரிந்த குஞ்சைக் காப்பாற்றுவதில்தான் இருக்கிறது எல்லாம். கண்ணும் வாலும் மட்டும் உள்ள புள்ளி அது. முதல் பத்துநாள் தாண்டிவிட்டால் உடம்பில் வெள்ளைப் பட்டை விழும், அப்புறம் பிழைத்துக்கொள்ளும். அதற்குள் ஒரு தும்மலுக்குக்கூடச் செத்துப்போகும். விராத்தியின் முதல் மூன்று ஈடும் அப்படித்தான் போயின.

மீன் வாங்குகிற தென்பசார் பட்டணத்து அம்மாள் மெலானி வரும்போதெல்லாம் சொல்லிவிட்டுப் போவாள். "கடல்ல பிடிச்ச மீனை வெளிநாட்டுக்காரன் ஒவ்வொருத்தனா வேண்டாங்கறான் லூ. இனிமே தொட்டியில பொறந்த மீனுக்குத்தான் எதிர்காலம்."

அவள் வண்டி கிளம்பியதும் கெதே சொல்வான். "எதிர்காலம் ஒம்பது நாளைக்கு மேல உசுரோட இருக்க மாட்டேங்குதே!"

நாலாவது ஈடு பொரிந்த அன்று அவன் சிரிக்கவில்லை. தொட்டி விளிம்பில் உட்கார்ந்து நேராகவே சொன்னான். "லூ, இதுதான் கடைசி. இதுவும் போச்சுன்னா நான் மர்சுகி படகுல ஏறிடுவேன். அப்புறம் நீ அழக்கூடாது. சரின்னு சொல்லு."

மர்சுகி, கடல் தாண்டி ஜாவாவில், பன்யுவாங்கியில் இருக்கும் படகுக்காரர், எங்கள் ஆட்கள் மரியாதையாகப் 'பாக்' என்று கூப்பிடுகிறவர். பக்கத்துப் பாறைகளில் மீன் தீர்ந்துபோனதால் அவர் படகு இப்போது பன்னிரண்டு நாள் கிழக்கே போய், இன்னும் ஆழத்தில் ஆளை இறக்குகிறது. விராத்தி வேறு வழி தெரியாமல் "சரி ப்ளி" என்றாள். எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி புருஷனை அப்படித்தான் கூப்பிடுவாள், அண்ணா என்கிற மாதிரி.

ஒன்பதாம் நாள் ஞெப்பி வந்தது.

ஞெப்பி என்றால் எங்கள் தீவு முழுக்க மூச்சு விடாமல் படுத்துவிடும். காலை ஆறிலிருந்து மறுநாள் காலை ஆறு வரை தீ கூடாது, விளக்கு கூடாது, வேலை கூடாது, வாசலைத் தாண்டக் கூடாது, சத்தம் கூடவே கூடாது. மேலே போகிற துஷ்ட தேவதைகள் கீழே பார்த்துவிட்டு, இது ஆளில்லாத தீவு என்று ஏமாந்து போகவேண்டும். அன்றைக்கு விமானம் இறங்காது, படகு வராது, போனில் இன்டர்நெட்டையே நிறுத்திவிடுவார்கள், பேச மட்டும் முடியும். கட்டம் போட்ட வேட்டி கட்டிய ஊர்க்காவல் ஆட்கள் மட்டும் தெருவில் செருப்பில்லாமல் நடப்பார்கள். விராத்தியின் தொட்டிகளுக்குக் காற்று ஊதும் மோட்டார் முனகுவதற்கு ஊர்ச்சபை அனுமதி கொடுத்திருந்தது. அந்த முனகலுக்கு மட்டும்தான்.

அன்று காலை ஏழு மணிக்கு விராத்தி முதல் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். ஒரு குஞ்சின் தோளில் மெல்லிய வெள்ளைக் கோடு. இன்னொன்றில். அதோ இன்னொன்றில். மூன்று தொட்டியிலும் சேர்த்து மூவாயிரம் இருக்கும். வாயைப் பொத்திக்கொண்டாள். சந்தோஷத்தில்கூட அன்றைக்குக் கத்தக்கூடாதே!

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டிட். டிட். டிட்.

சுவரில் இருந்த கரெண்ட் பெட்டி. எங்கள் ஊரில் கரெண்டை முன்கூட்டியே வாங்கிக்கொள்ள வேண்டும். போனிலோ கடையிலோ காசு கட்டினால் இருபது இலக்க எண் ஒன்று தருவார்கள். அதைப் பெட்டியில் அமுக்கினால் கரெண்ட் ஏறும். தீரப் போகும்போது பெட்டி இப்படிக் கத்தும். தீர்ந்தால் வெட்டிவிடும்.

"ப்ளி, நேத்து கரெண்ட் எண் வாங்கிட்டு வரச் சொன்னேனே?"

கெதே தென்னோலைக்குள் வேகவைத்த திப்பாத் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான். கை அப்படியே நின்றது. முந்தினநாள் சாயங்காலம் பூதப் பொம்மை ஊர்வலத்தில் இவன்தான் முன்வரிசையில் தோள் கொடுத்தவன்.

"அய்யோ" என்றான். "பொம்மை தூக்கற ஜோர்ல மறந்தே போச்சு லூ."

"மறந்தே போச்சா? சோறு திங்க மறந்தியா? வெத்தலை போட மறந்தியா?"

"சத்தம் போடாதடி! தெரு பூரா கேக்கும்."

அதுதான் கொடுமை. திட்டக்கூட முடியவில்லை. கடை மூடியிருக்கிறது, இன்டர்நெட் இல்லை, வாசல் தாண்ட முடியாது, பக்கத்து வீடு தென்னந்தோப்புக்கு அந்தப் பக்கம். பெட்டி மட்டும் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்திக்கொண்டிருந்தது. விராத்தி ஒரு தலையணையை எடுத்து அதன்மேல் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்பது மணிக்குச் சத்தம் தானாக நின்றது. கூடவே காற்று மோட்டாரும் நின்றது. மூன்று தொட்டியிலும் குமிழி அடங்கித் தண்ணீர் தட்டையாகிவிட்டது. 

"ஜெனரேட்டர்" என்றாள் மெதுவாக.

கெதே மூலையில் இருந்த அந்தத் துருப்பிடித்த மிஷினைப் பார்த்தான். அதைக் கிளப்பினால் மூன்று ஊருக்குக் கேட்கும். "கொன்னுடுவாங்க" என்றான்.

அந்த நேரம் பார்த்து வேலிப்படல் அசைந்தது. ஊர்க்காவல் நெங்கா தாமா. கெதேவோடு ஒன்றாகப் படித்தவன்தான், ஆனால் கட்டம் போட்ட வேட்டியைக் கட்டிவிட்டால் மாமனாரையும் தெரியாது அவனுக்கு.

"என்னமோ கத்திச்சே? உன் வீட்டுக் குருவி கரெண்ட்ல ஓடுதா?" என்று கிசுகிசுத்தான்.

விராத்தி கைகூப்பிக்கொண்டு நடந்ததைச் சொன்னாள். கேட்கக் கேட்க அவன் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "ஜெனரேட்டரை ஒரு மணிநேரம், ஒரே ஒரு மணிநேரம் போட்டுக்கட்டுமா நெங்கா அண்ணா?"

"ஆஸ்பத்திரிக்குத்தான் விலக்கு லூ. மீனுக்கு ஆஸ்பத்திரின்னு நான் போய் ஊர்ச்சபைத் தலைவர்கிட்ட சொன்னா என்னையே அதுல சேத்துடுவார்." தொட்டியை எட்டிப் பார்த்தான். உச்சுக் கொட்டினான். "கையால கலக்கு. பிராணிக்குத் தீனி வைக்கிற மாதிரின்னு நான் சொல்லிக்கறேன். இந்தப் பக்கம் வராம வேணா இருப்பேன். ஆனா காதைக் கழட்டி வச்சுட்டுப் போக முடியாது, பாத்துக்க."

அவன் போனதும் விராத்தி தார்ப்பாயை உருவினாள். தண்ணீரில் பச்சைப் பாசி இருந்தது. வெயில் பட்டால் பாசி கொஞ்சம் மூச்சு கொடுக்கும். பொழுது சாய்ந்தால் அதே பாசி இருக்கிற மூச்சையும் பிடுங்கிக்கொள்ளும். சாயங்காலம் வரைக்கும்தான் கெடு. ஆளுக்கொரு அகப்பையால் தண்ணீரை மொண்டு மெல்ல மெல்ல ஊற்றினார்கள். வேகமாக ஊற்றினால் குஞ்சு சாகும். ஊற்றாவிட்டாலும் சாகும். ஆள் இரண்டு, தொட்டி மூன்று. பத்தரை மணிக்கு மூன்றாம் தொட்டியில் குஞ்சுகள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

கெதே திடீரென்று அகப்பையைக் கீழே வைத்தான். "இரு, வர்றேன்" என்று பின்கட்டுக்குப் போனவன் தார்ப்பாய் மூடிய ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தான். கம்ப்ரஸர். மஞ்சள் குழாய் சுற்றியபடி.

"எஞ்சினைக் கிளப்ப வேணாம் லூ. உருளையில காத்து ரொம்பி இருக்கு. கொஞ்சம் கொஞ்சமா திறந்துவிட்டா சத்தமே வராது. சாயங்காலம் வரைக்கும் சமாளிக்கலாம்!"

விராத்தி காற்றின் அளவு காட்டும் முள்ளைப் பார்த்தாள். முள் உச்சியில் நின்றது. மூன்று வருஷமாகத் தொடாத மிஷின்.

"இதுல காத்து எப்படி ப்ளி வந்துச்சு?"

அவன் குழாயைப் பிரிக்கிற மாதிரி குனிந்துகொண்டான்.

"நான்தான் கேக்கறேன்ல? யாரு ரொப்பினது?"

"முந்தாநேத்து... ஓடுதான்னு பாத்தேன். மர்சுகி போன் பண்ணாரு. ஞெப்பி முடிஞ்ச அன்னிக்கே வந்து கூட்டிட்டுப் போறேன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"வர்றேன்னு சொன்னேன்."

 மீன் செத்தால் போவேன் என்றவன், மீன் உயிரோடு நீந்திக்கொண்டிருக்கும்போதே வாக்குக் கொடுத்துவிட்டான். அவள் இரவில் நாலு தடவை எழுந்து இந்தத் தொட்டிகளை எட்டிப் பார்த்ததெல்லாம் எதற்கு? அகப்பையை அவன் தலையில் போட்டிருப்பாள், ஞெப்பியாக இல்லாவிட்டால். தம்பியைத் தார்ப்பாயில் சுற்றிக்கொண்டு வந்த அந்த மத்தியானம் கண்ணுக்குள் வந்துவிட்டுப் போனது. 

"அப்புறம் பேசிக்கலாம் லூ. இப்ப குஞ்சு சாகுது பாரு" என்று அவன் குழாயைத் தொட்டிக்குள் விடப் போனான்.

"நில்லு. முதல்ல வாளியில விட்டுப் பாப்போம்."

"இதுக்குமா பயம்? நான் பன்னெண்டு வருஷமா குடிச்ச காத்துடி இது. நான் செத்தா போயிட்டேன்?"

"வாளியில விடு" என்றாள்.

ஒரு வெள்ளை வாளியில் தொட்டித் தண்ணீரும் இருபது குஞ்சும் எடுத்து வைத்தாள். கெதே குழாய் நுனியை உள்ளே விட்டுத் திருகினான். குமிழி வந்தது. கொஞ்ச நேரம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஒரு வாடை அடித்தது, லாரி பின்னால் நிற்கும்போது வருமே, அந்த வாடை. வாளித் தண்ணீரின்மேல் மெல்ல ஒரு படலம் பரவியது. வெயிலில் நீலமும் ஊதாவுமாக மின்னியது. எண்ணெய்.

குஞ்சுகள் மேலே வந்தன. படலத்தில் வாய் பட்டதும் சுழன்றன. ஒன்று பக்கவாட்டில் சாய்ந்தது. கால்மணி நேரம்கூட ஆகியிருக்காது, இருபதும் வெள்ளை வாளியின் அடியில் கிடந்தன.

கெதே குழாயை வெளியே எடுத்தான். நுனியை விரலால் துடைத்தான். விரல் கறுப்பாக வந்தது. அதை மூக்கருகே கொண்டுபோய் மோந்தான். தண்ணீருக்குள் வாயில் கடித்திருக்கும்போது இந்த நாற்றம் தெரியாது, உப்புதான் தெரியும் என்று அவனே பலமுறை சொல்லியிருக்கிறான். இருமல் வந்தால் எங்கள் ஆட்கள் புகையிலையைக் குற்றம் சொல்வார்கள்.

"இதையா..." என்று ஆரம்பித்தவன்  வாளிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

விராத்தி அவனுக்காக நிற்கவில்லை. தொட்டிக்கும் தொட்டிக்கும் ஓடி ஓடி மொண்டு ஊற்றினாள். பன்னிரண்டு மணிக்கு மூன்றாம் தொட்டி போய்விட்டது. ஆயிரம் குஞ்சு. அடியில் சாம்பல் தூவினது போல் இருந்தது. அப்போது கெதே எழுந்து வந்தான். கையில் போன்.

"மெலானி அம்மா லீவுக்குத் தீவை விட்டுப் போயிருக்காங்க, போன் எடுக்கல. ஜாவாவுல நமக்குத் தெரிஞ்சது மர்சுகி ஒருத்தர்தான். அங்க இன்டர்நெட் இருக்கு. அவர் கரெண்ட் எண் வாங்கி போன்லயே படிச்சுச் சொன்னா, அமுக்கிடலாம். அஞ்சு நிமிஷத்துல மோட்டார் ஓடும்."

விராத்திக்கு ஒரு நொடி உயிர் வந்தது. அடுத்த நொடியே போனது. மர்சுகி சும்மா செய்கிற ஆள் இல்லை. ஒரு உதவி செய்தால் அதற்குப் பத்துத் தடவை கடலுக்குள் இறக்கிவிடுகிற ஆள். இவன் வேறு ஏற்கனவே வர்றேன் என்று சொல்லி வைத்திருக்கிறான். இதையும் வாங்கிக்கொண்டால் படகிலிருந்து இவனை யார் இறக்குவது?

"வேணாம்" என்றாள்.

"ரெண்டாயிரம் மீன் லூ! பட்டை விழுந்த மீன்!"

"போகட்டும்."

"பைத்தியமா உனக்கு? இதுக்காகத்தானே மூணு வருஷமா—"

"இதுக்காகவா?" விராத்தியின் குரல் கிசுகிசுப்பிலிருந்து மேலே ஏறிவிட்டது. ஞெப்பியாவது ஒன்றாவது! "மீனுக்காகவா நான் வளத்தேன்? உன்னை அந்தத் தண்ணிக்குள்ள விடக்கூடாதுன்னு வளத்தேன். உன்னைக் குடுத்து மீனைக் காப்பாத்தணுமா நான்? எல்லாம் சாகட்டும். போனைக் குடு இங்க!"

தென்னந்தோப்பில் ஒரு நாய் குரைத்தது. நெங்கா தாமாவின் காதில் விழாமல் இருந்திருக்காது. ஆனால் அவன் வரவில்லை, நல்ல மனுஷன். கெதே போனை அவள் கையில் கொடுத்தான். அவள் அதை அரிசிப் பானைக்குள் போட்டு மூடினாள்.

பிறகு இரண்டு பேரும் ஆளுக்கொரு தொட்டியில் நின்று மொண்டு ஊற்றினார்கள். சாப்பிடவில்லை.  பொழுது சாய்ந்தது. ஞெப்பி இருட்டு என்றால் தன் கையே தன் கண்ணுக்குத் தெரியாது. குஞ்சு இருக்கிறதா போய்விட்டதா என்று பார்க்க முடியாது. அகப்பையின் சத்தத்தை வைத்துத்தான் ஒருவர் இருப்பதை ஒருவர் தெரிந்துகொண்டார்கள். எத்தனையோ தடவை அவளுக்குத் தோன்றியது, செத்த தண்ணீரைத்தான் கலக்கிக்கொண்டிருக்கிறோமோ என்று. ஆனாலும் கையை நிறுத்தப் பயம்.

வெளிச்சம் வந்தபோது முதலில் கெதே நின்ற தொட்டி தெரிந்தது. அதுவும் போயிருந்தது. அவன் அதைப் பார்த்தபடியே இன்னும் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தான். விராத்தி தன் தொட்டியைப் பார்க்கப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"லூ, கண்ணைத் தெற" என்றான் கெதே.

இருந்தன. கொஞ்சம் செத்திருந்தன, ஆனால் இருந்தன. எழுநூறு எண்ணூறு இருக்கும். தோளில் வெள்ளைக் கோட்டோடு, கடல் என்று ஒன்று இருப்பதே தெரியாமல், பசிக்கிறது என்று ஓரத்தில் மோதிக்கொண்டிருந்தன. அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆறு மணி அடித்ததும் கெதே காலை இழுத்துக்கொண்டு கடைக்கு ஓடி எண் வாங்கிவந்து அமுக்கினான். மோட்டார் முனகியது.

ஒன்பது மணிக்கெல்லாம் முதல் படகு பிடித்து மர்சுகி வண்டியோடு வந்துவிட்டார். வாசலில் நின்று கையைத் தட்டினார். விராத்தி தொட்டிப் பக்கத்திலேயே நின்றாள்.  ஒரு தொட்டி பிழைத்திருக்கிறது. மூன்றில் ஒன்று. அது போதும் என்று இவன் சொல்வானா? பத்தாது என்று போவானா? வாக்கு வேறு கொடுத்திருக்கிறான். எங்கள் ஆட்கள் வாக்குக்காகச் சாகிற மடையர்கள்.

"என்ன கெதே, மூட்டை கட்டியாச்சா? தண்ணி அலையில்லாம கிடக்கு, வா வா" என்றார் மர்சுகி.

கெதே வாசல்வரை போனான். கையைத் துடைத்துக்கொண்டான்.

"நான் வரல பாக்."

"வரலையா? என்னய்யா விளையாடற? வர்றேன்னு சொன்ன ஆளு நீ. பொண்டாட்டி பயமுறுத்திட்டாளா?" சிரித்தார். பின்னால் வண்டியில் இருந்த இரண்டு ஆட்களும் சிரித்தார்கள். இருவரும் கெதேவோடு இறங்கியவர்கள்.

எங்கள் ஊர் ஆண்பிள்ளை இந்த இடத்தில் கால் வலி என்பான், கோயில் விசேஷம் என்பான், என்ன வேண்டுமானாலும் சொல்வான். விராத்தியும் அதைத்தான் எதிர்பார்த்தாள்.

"அவ இல்ல பாக்" என்றான் கெதே. "எனக்குத்தான் பயமா இருக்கு. அந்தக் குழாயை வாயில வைக்கவே பயமா இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. வண்டியிலிருந்த இரண்டு பேரில் ஒருவன் தன் மடியில் சுற்றி வைத்திருந்த குழாயைக் குனிந்து பார்த்தான். மர்சுகி வண்டியில் ஏறிக்கொண்டார். வண்டி கிளம்பிப் போனது.

கெதே திரும்பி வந்தபோது விராத்தி அழுதுகொண்டிருந்தாள். ஒருநாள் முழுக்க வராத அழுகை. "எதுக்குடி இப்ப அழற? அதான் போகலையே" என்றான்.  அவன் கைகளைப் பிடித்து இழுத்து அவள் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். பிறகு இருவரும் எழுந்து குஞ்சுகளுக்குத் தீனி போட்டார்கள்.